கனடா வந்து ஒன்பது மாதம், கிரெடிட் வரலாறு இல்லை: வீட்டுக் கடன் கிடைக்குமா?

கோவை_பிராம்ப்டன் | 11 மே 2025

எல்லாருக்கும் வணக்கம். நான், மனைவி, ஐந்து வயது மகள் மூவரும் போன ஆகஸ்ட் கடைசியில் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து கோவையிலிருந்து வந்தோம். பிராம்ப்டனில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். மாதம் 1,900 டாலர். எனக்கு அக்டோபரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை கிடைத்தது. வருடம் 88,000. ஜனவரியில் புரொபேஷன் முடிந்தது. மனைவிக்கு டிசம்பரிலிருந்து முழுநேர வேலை, 52,000. கையில் 41,000 டாலர் இருக்கிறது. ஊரில் அப்பா, அம்மா கொஞ்சம் உதவத் தயார்.

போன வாரம் சம்பளக் கணக்கு இருக்கும் கிளைக்கு வீட்டுக் கடன் பற்றிக் கேட்கப் போனோம். அங்கிருந்த அம்மா தன்மையாகத்தான் பேசினார். கணினியில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மனைவி பெயருக்கு நேரே கிரெடிட் மதிப்பெண் 655 என்று இருந்தது. என் பெயருக்கு நேரே எண்ணே இல்லை, "நோ ஹிட்" (கோப்பு கிடைக்கவில்லை) என்று மட்டும் இருந்தது. "இரண்டு வருடம் கழித்து வாருங்கள், அல்லது 35 சதவீதம் முன்பணம் கொண்டு வாருங்கள்" என்றார்.

வந்த முதல் மாதமே கிரெடிட் கார்டு வாங்கி மாதாமாதம் முழுவதும் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரில் 2016 முதல் வாங்கிய கடன் எதையும் ஒரு நாள்கூடத் தள்ளிக் கட்டியதில்லை. சிபில் (இந்திய கிரெடிட் மதிப்பெண்) 811. அதெல்லாம் இங்கே செல்லாக் காசா? மகள் செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பு போகிறாள். அதற்குப் பிறகு பள்ளி மாறாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ_அண்ணை | 11 மே 2025

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட கிரெடிட் வேறு, கிரெடிட் இல்லாதது வேறு. உங்களுடையது இரண்டாவது. கெட்டதைச் சீராக்க வருடக்கணக்காகும். இல்லாததுக்கு வேறு சான்று காட்டலாம். இந்த வித்தியாசத்தைக் கிளையில் இருக்கிற எல்லா ஆக்களும் விளங்கப்படுத்த மாட்டினம்.

நான் 1992-ல் வந்தவன். வேலை இரண்டு, கிரெடிட் பூச்சியம். அப்போது என் மச்சான் கூட்டுக் கையெழுத்துப் போட்டு வீடு எடுத்துத் தந்தார். நல்ல மனசோடு செய்தார். ஆனால் நாலு வருடம் கழித்து அவர் தன் பிள்ளைகளுக்கென்று பெரிய வீடு பார்க்கப் போனபோது, என் கடன் முழுவதும் அவர் பெயரிலும் நின்றது. வங்கி அதையும் அவருடைய செலவாகக் கணக்குப் பார்த்தது. அவருக்கு அந்த வீடு தவறிப் போனது. இண்டைக்கும் அந்தக் கதை வந்தால் நான் தலை குனிந்துவிடுவேன். ஆகையால் யாரும் "நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று முன்வந்தால், அவருடைய அடுத்த ஐந்து வருடத் திட்டத்தைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

இப்போது புதிதாக வந்தவர்களுக்கென்றே காப்புறுதித் திட்டங்கள் இருக்கின்றன. விபரம் தெரிந்தவர்கள் எழுதுவார்கள்.

மார்க்கம்_மோர்ட்கேஜ் | 12 மே 2025

நான் ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) ஏஜென்ட். இங்கே வாடிக்கையாளர் தேடவில்லை, தனிச்செய்தியில் யாரையும் பிடிக்கவும் மாட்டேன். தெரிந்ததைப் பொதுவில் எழுதுகிறேன்.

கிளையில் சொன்ன 35 சதவீதம் அந்த வங்கியின் சொந்தத் திட்டமாக இருக்கும். காப்பீடு இல்லாமல், வருமானத்தையும் கிரெடிட்டையும் அதிகம் பார்க்காமல் கொடுப்பது. ஊரில் பெரிய சொத்தை விற்றுவிட்டு வருகிறவர்களுக்கு அது ஏற்றது. மாதச் சம்பளக்காரர்களான உங்களுக்கு வேண்டியது காப்பீட்டுடன் கூடிய கடன்.

20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் போட்டால் கடனுக்குக் காப்பீடு (கடன் தவறினால் வங்கிக்கு ஈடு கொடுப்பது) கட்டாயம். அதைக் கொடுப்பவர்கள் மூவர். அரசு நிறுவனமான சிஎம்எச்சி, தனியார் நிறுவனங்களான சேஜென், கனடா கேரன்டி. மூன்றிலும் புதுக் குடியேறிகளுக்கு வழி உண்டு. எடுத்துக்காட்டாக சேஜென் திட்டத்தில் நீங்கள் வந்து ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், கனடாவில் குறைந்தது மூன்று மாதம் முழுநேர வேலை பார்த்திருக்க வேண்டும். இரண்டும் உங்களுக்கு இருக்கிறது.

உள்ளூர் கிரெடிட்டுக்குப் பதிலாக என்ன கேட்பார்கள் என்பது முன்பணத்தைப் பொறுத்தது. உங்கள் விஷயத்தில் எல்லாம் இதில்தான் இருக்கிறது. முன்பணம் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெளிநாட்டு கிரெடிட் அறிக்கை வேண்டும், அல்லது 12 மாதம் தவறாமல் வாடகை கட்டியதற்குச் சான்றும், கூடவே மின்சாரம், செல்போன், கார் இன்சூரன்ஸ் மாதிரி இன்னொரு பில்லுக்கு 12 மாதச் சான்றும் வேண்டும். 10 சதவீதமோ அதற்கு மேலோ போட்டால் வங்கியிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம், அல்லது முதன்மைக் கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மென்ட் போதும். இது காப்பீட்டுக்காரர் கேட்பது. கடன் கொடுக்கும் வங்கி இதற்கு மேலும் கேட்கலாம், அது அவர்கள் உரிமை. அதனால்தான் ஒரு கிளையில் இல்லை என்றால் இன்னொரு இடத்தில் கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6,20,000 டாலர் டவுன்ஹவுஸ் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்ச முன்பணம் முதல் 5 லட்சத்துக்கு 5 சதவீதம், மீதிக்கு 10 சதவீதம். ஆக 25,000 + 12,000 = 37,000. உங்கள் 41,000-க்குள் அடங்குகிறது. ஆனால் காப்பீட்டுக் கட்டணம் கடனில் 4 சதவீதம், அதாவது 23,320. இதுவே 62,000 போட்டால் கட்டணம் 3.1 சதவீதம்தான், 17,298. ஆறாயிரம் டாலர் மிச்சம், சான்றிதழ் தொல்லையும் குறைவு. அந்தக் கட்டணம் கடனோடு சேர்ந்துவிடும். அதன் மேல் ஒன்டாரியோ போடும் 8 சதவீத விற்பனை வரியை மட்டும் பத்திரம் முடிக்கும் நாளில் ரொக்கமாகக் கட்ட வேண்டும். இங்கே 1,384 டாலர். இதைக் கடைசி வாரத்தில் கேள்விப்பட்டுத் திணறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஸ்ட்ரெஸ் டெஸ்ட். உங்களுக்குக் கொடுக்கும் வட்டியோடு 2 சதவீதம் கூட்டியோ, 5.25 சதவீதத்திலோ, எது அதிகமோ அதில் உங்களால் கட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். வட்டி 4.2 என்றால் சோதனை 6.2-ல். 25 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 3,750 வரும். சொத்து வரி 350, சூடேற்றும் செலவு 150, காண்டோ பராமரிப்புக் கட்டணம் 300 என்றால் அதில் பாதி 150, எல்லாம் சேர்த்து 4,400. உங்கள் இருவர் சம்பளம் மாதம் 11,667. வீட்டுச் செலவு இதில் 39 சதவீதத்துக்குள்ளும், மற்றக் கடன்களும் சேர்ந்தால் 44 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். உங்களுடையது 37.7. சரி, தேறிவிட்டீர்கள். ஆனால் மாதம் 780 டாலர் தவணையில் ஒரு கார் எடுத்தீர்கள் என்றால் 44-ஐத் தாண்டிவிடும். வீடு முடியும்வரை கார் ஷோரூம் பக்கமே போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கோவை_பிராம்ப்டன் | 12 மே 2025

ரொம்ப நன்றி. படிக்கப் படிக்க மூச்சு வருகிறது. ஒரு சிக்கல். வீட்டுக்காரர் முதல் நாலு மாதம் வாடகையை ரொக்கமாகத்தான் வாங்கினார், ரசீது இல்லை. ஜனவரியிலிருந்துதான் இ-டிரான்ஸ்ஃபர் (வங்கிக் கணக்கிலிருந்து இணையம் வழி). அப்படியானால் 12 மாத வாடகைச் சான்று எனக்கு இல்லை, 10 சதவீத வழிதான். 41,000-லிருந்து 62,000-க்குப் போக வேண்டும்.

அப்புறம், மனைவிக்கு 655 வந்து எனக்கு மட்டும் "நோ ஹிட்" ஏன்? இருவரும் ஒரே வாரத்தில்தான் கார்டு வாங்கினோம்.

ஏஜாக்ஸ்_நர்ஸ் | 13 மே 2025

தம்பி, உங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலியாக இருக்கிறதா? இருந்தால் விடை அதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். திருச்சியில் என் பெயர் இனிஷியலோடு ஒற்றைப் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் என் பெயரையும் கிவன் நேமில் சேர்த்து எழுதிவிட்டார்கள், சர்நேம் காலி. கனடா ஆவணத்தில் அது முழுவதும் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விட்டது. வங்கியில் கணக்குத் திறந்த பையன் இரண்டாகப் பிரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயர் ஆக்கினான். செல்போன் கடையில் தலைகீழாகப் பிரித்தார்கள். ஓட்டுநர் உரிமத்தில் மூன்றாவது விதம். ஒரு மனுஷிக்கு மூன்று பெயர்! மோர்ட்கேஜுக்குப் போனபோது உரிமத்தில் இருந்த பெயரைப் போட்டுத் தேடினார்கள், ஒன்றும் வரவில்லை. நான் கட்டிய அத்தனை மாதமும் இன்னொரு பெயரில் கிடந்தது.

செய்ய வேண்டியது இதுதான். கிரெடிட் அறிக்கை தயாரிக்கும் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிடமும் உங்கள் முழு அறிக்கையைக் கேளுங்கள், கட்டணம் கிடையாது. ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த தேதி, பழைய முகவரி எழுத்துக்கு எழுத்து சரியா என்று பாருங்கள். முகவரியில் "பேஸ்மென்ட்" என்ற சொல் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லை என்றாலும் குறித்து வையுங்கள். அப்புறம் பிஆர் கார்டு, உரிமம், வங்கி ஸ்டேட்மென்ட் நகல்களோடு திருத்தம் கேட்டு அனுப்புங்கள். எனக்கு ஆறு வாரம் ஆனது. அதற்கு முன் வங்கியிலும் செல்போன் நிறுவனத்திலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். இல்லை என்றால் அடுத்த மாதம் அவர்கள் அனுப்பும் தகவல் மறுபடியும் பழைய பெயரில்தான் போகும்.

உங்கள் மனைவி பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சர்நேமாக இருந்திருக்கும். அதனால் அவர் கணக்கு நேராக வந்திருக்கிறது.

கோவை_பிராம்ப்டன் | 13 மே 2025

அக்கா, அப்படியே! பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என்னுடையதில் சர்நேம் காலி. அவளுடையதில் என் பெயர் இருக்கிறது. இன்று இரவே இரண்டு அறிக்கையும் எடுக்கிறேன்.

ரெக்ஸ்டேல்_ராஜா | 14 மே 2025

வொர்க் பர்மிட்டில் வந்தவர்கள் இன்னொன்றும் பாருங்கள். அப்போது கொடுக்கும் சின் (சமூகக் காப்பீட்டு) எண் 9-ல் தொடங்கும். பிஆர் ஆனதும் புது எண் வரும். வங்கிக்கும் கிரெடிட் நிறுவனங்களுக்கும் நாமாகத்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் விட்டு என் கோப்பு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

சிபில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிபிலை நடத்துவதும் டிரான்ஸ்யூனியன்தான். ஆனாலும் இந்தியக் கோப்பு இங்குள்ள கோப்போடு தானாகச் சேராது. அதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். முழு சிபில் அறிக்கையையும் தரவிறக்கி வையுங்கள். வெளிநாட்டு கிரெடிட் அறிக்கை என்று ஏஜென்ட் மேலே எழுதியிருப்பது அதைத்தான். எந்த வடிவில் ஏற்பார்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிசிசாகா_மணி | 14 மே 2025

இவ்வளவு அலைச்சல் எதற்கு? பி லெண்டரிடம் (பெரிய வங்கிகளுக்கு அடுத்த நிலைக் கடன் நிறுவனம்) போனால் ஒரு வாரத்தில் கடன். 20 சதவீதம் போட்டால் போதும், கிரெடிட்டை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள். நான் அப்படித்தான் வாங்கினேன்.

மார்க்கம்_மோர்ட்கேஜ் | 14 மே 2025

மணி அவர்களே, பி லெண்டர் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சொந்தத் தொழில் செய்து வருமானத்தை ஏட்டில் காட்ட முடியாதவர்களுக்கு அது தேவையான வழி. ஆனால் வட்டி அதிகம், அதற்கு மேல் கடனில் சுமார் ஒரு சதவீதம் கட்டணம், ஒன்றிரண்டு வருடத்தில் மறுபடியும் கடன் தேட வேண்டும். இருவருக்கும் டி4 (சம்பளச் சான்று) வருமானம், பிஆர் எல்லாம் இருக்கும் ஒரு குடும்பத்தை அங்கே அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் நல்லது அல்ல. அவர்கள் 20 சதவீதம் சேர்க்க இன்னும் மூன்று வருடம் ஆகும், அதையும் பாருங்கள்.

மோர்னிங்சைட்_வாணி | 16 மே 2025

முன்பணம் பற்றி நானும் ஒன்று எழுத வேண்டும், ஏனென்றால் நாங்கள் அதில்தான் அடிபட்டோம்.

எங்கட ஆக்களுக்குச் சீட்டு என்றால் வங்கியை விட நம்பிக்கை. நானும் இவரும் இரண்டு வருடம் மாதம் ஆயிரம் கட்டி, 24,000 டாலர் சீட்டை எடுத்தோம். அப்படியே கணக்கில் போட்டோம். மூன்று கிழமையில் ஒரு வீடு சரிவந்தது. வங்கி 90 நாள் ஸ்டேட்மென்ட் கேட்டது. அதில் ஒரே நாளில் 24,000 ரொக்கமாக வந்து விழுந்திருக்கிறது. "இது எங்கிருந்து?" என்று கேட்டார்கள். சீட்டு என்றால் என்ன என்று நான் அந்தப் பிள்ளைக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். கொப்பியில் எழுதிய கணக்கையும் காட்டினேன். அவவுக்கு விளங்கியது, ஆனால் சட்டப்படி ஏற்க முடியாது என்றா. நாங்கள் களவெடுத்த காசு மாதிரி அங்கே இருந்து கதைத்தது எனக்கு மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அந்த வீடு போய்விட்டது.

சீட்டுப் போடவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கென்றால் எடுத்த காசு குறைந்தது 90 நாள் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். மாதாமாதம் கட்டியதை இ-டிரான்ஸ்ஃபரில் கட்டி இருந்தால் அந்தத் தடத்தையாவது காட்டலாம். நகை விற்றாலும் கடையின் பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

தஞ்சாவூர்_டு_ஹாமில்டன் | 16 மே 2025

ஊரிலிருந்து பணம் வருவதைப் பற்றி. நீங்கள் வாங்கப் போவது அப்பா, அம்மாவின் அன்பளிப்பு. திரும்பத் தர வேண்டியதில்லை என்று அவர்கள் கையெழுத்திட்ட கிஃப்ட் லெட்டர் வேண்டும். படிவத்தை வங்கியே கொடுக்கும். பணம் அவர்கள் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நேராக வர வேண்டும். நண்பர் மூலம், பண்டமாற்றாக, "அங்கே கொடுத்துவிட்டேன், இங்கே வாங்கிக்கொள்" என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஆனால் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். இந்த ஏப்ரலுக்கு முன் அது 7 லட்சமாக இருந்தது. பிடித்ததை வரிக் கணக்குத் தாக்கலில் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். இந்த வரம்பு ஆளுக்கு ஆள் தனி. அப்பா கணக்கிலிருந்து அவருடைய பணம் 10 லட்சம், அம்மா கணக்கிலிருந்து அம்மாவுடைய பணம் 10 லட்சம் என்று வந்தால் பிடித்தம் இல்லை. இன்றைய மாற்று விகிதத்தில் இரண்டும் சேர்ந்து சுமார் 32,000 கனடா டாலர் வரும். உங்கள் பள்ளம் அதிலேயே மூடிவிடும்.

எஃப்எச்எஸ்ஏ (முதல் வீட்டுக்கான சேமிப்பு) கணக்கு திறந்தாயிற்றா? வருடம் 8,000 வரை போடலாம், போட்டது வருமான வரியில் கழியும், வீட்டுக்கு எடுக்கும்போதும் வரி கிடையாது. காத்திருக்கும் காலமும் இல்லை. ஆர்ஆர்எஸ்பியில் (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில்) போட்டால்தான் 90 நாள் கிடக்க வேண்டும், அதோடு புதிதாக வந்தவர்களுக்கு முதல் வருடம் அதில் இடமே இருக்காது. முக்கியமான நிபந்தனை ஒன்று. இந்த வருடமும் இதற்கு முந்தைய நாலு வருடங்களும் உங்கள் சொந்த வீட்டில் நீங்கள் வசித்திருக்கக் கூடாது. ஊரில் இருந்த வீடும் இதில் சேரும்.

கோவை_பிராம்ப்டன் | 17 மே 2025

நாங்கள் அப்பா பெயரில் இருக்கும் வீட்டில்தான் இருந்தோம், எங்கள் பெயரில் வீடு கிடையாது. அப்படியானால் இருவரும் திறக்கலாம். டிசம்பரிலேயே தெரிந்திருந்தால் 2024-க்கும் சேர்த்துப் போட்டிருக்கலாம். பரவாயில்லை, இந்த வாரமே திறக்கிறேன்.

கும்பகோணம்_வாசு | 17 மே 2025

"எங்கள் பெயரில் வீடு கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள், நன்றாக விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். ஒன்டாரியோவில் முதல் வீடு வாங்குவோருக்கு நிலமாற்று வரியில் 4,000 டாலர் வரை திரும்பக் கிடைக்கும். அதற்கு உலகத்தில் எங்கேயும், எப்போதும், ஒரு வீட்டில் பங்குகூட இருந்திருக்கக் கூடாது. எஃப்எச்எஸ்ஏ மாதிரி நாலு வருடக் கணக்கு இதில் இல்லை.

பத்திரம் முடிக்க இரண்டு நாள் இருக்கும்போது வக்கீல் இந்தக் கேள்வியைக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது தாத்தா வீடு நினைவுக்கு வந்தது. கும்பகோணத்தில் ஓடு வேய்ந்த பழைய வீடு. அப்பா இறந்தபின் அவருடைய பாகம் அம்மாவுக்கும் எங்கள் மூவருக்கும் வந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவில் பெயர் ஏற்றி, நான் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். முற்றத்தில் பாதி இடிந்துவிட்டது, யாரும் குடியில்லை. ஆனாலும் பங்கு பங்குதான். பொய் சொல்ல மனம் வரவில்லை. 4,000 டாலரைக் கட்டினேன். முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பணத்தை எடுத்து வைத்திருப்பேன், கடைசி நாளில் கடன் வாங்கியிருக்க மாட்டேன்.

ஸ்காபரோ_அண்ணை | 17 மே 2025

அந்த வரியைப் பற்றி இன்னொரு விஷயம். ஸ்காபரோ ரொறன்ரோ மாநகரத்துக்குள் இருக்கிறது. ஆகவே மாகாண வரியோடு மாநகர வரியும் உண்டு, கிட்டத்தட்ட இரட்டிப்பு. முதல் வீட்டுக்கு மாநகரமும் 4,475 வரை திருப்பித் தரும். ஆனாலும் மிச்சம் இருக்கும். ஸ்டீல்ஸ் றோட்டைத் தாண்டினால் மார்க்கம், றூஜ் ஆற்றைத் தாண்டினால் பிக்கறிங், அங்கே மாகாண வரி மட்டுந்தான். தம்பியின் பிராம்ப்டனிலும் அப்படித்தான்.

புது_வரவு_2025 | 19 மே 2025

நான் வொர்க் பர்மிட்டில் இருக்கிறேன், இன்னும் இரண்டு வருடம் செல்லும். நானும் இந்தத் திட்டத்தில் வாங்கலாமா?

மார்க்கம்_மோர்ட்கேஜ் | 19 மே 2025

கடன் கிடைக்கலாம். ஆனால் கடன் பற்றிப் பேசும் முன் வரியைப் பாருங்கள். கனடியர் அல்லாதவர்கள் வீடு வாங்க 2023 ஜனவரி முதல் தடை இருக்கிறது, 2027 ஜனவரி 1 வரை நீட்டித்திருக்கிறார்கள். பர்மிட்டில் 183 நாளாவது மிச்சம் இருந்தால் ஒரு வீடு வாங்க விலக்கு உண்டு. அதைக் கேட்டுவிட்டு மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒன்டாரியோவில் வெளிநாட்டவர் வாங்கினால் விலையில் 25 சதவீதம் தனி வரி. 6 லட்சம் வீட்டுக்கு 1,50,000 டாலர்! டொரண்டோவுக்குள் என்றால் இந்த ஜனவரியிலிருந்து மாநகரம் இன்னும் 10 சதவீதம் போடுகிறது. நாலு வருடத்துக்குள் பிஆர் கிடைத்தால் மாகாண வரியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் முதலில் கட்டத்தான் வேண்டும். ஒன்டாரியோ நாமினி (மாகாணமே பிஆருக்குப் பரிந்துரைத்தவர்) போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. உங்கள் நிலையை ஒரு வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிஆர் வரும்வரை பொறுப்பது நல்லது என்பது என் கருத்து.

வடசென்னை_தம்பி | 22 மே 2025

ஒருவர் 4,000 டாலருக்கு வேலைக் கடிதமும் சம்பளச் சீட்டும் செய்து தருவதாகச் சொல்கிறார். "எல்லாரும் செய்கிறார்கள்" என்கிறார். கிரெடிட்டும் இல்லை, வருமானமும் குறைவு. என்ன செய்வது?

ஸ்காபரோ_அண்ணை | 22 மே 2025

தம்பி, அந்த ஆளின் நம்பரை இப்பவே அழித்துவிடுங்கள். விண்ணப்பத்தின் அடியில் கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல. வங்கி கம்பனிக்கு ஃபோன் எடுக்கும், வரி அலுவலகத்தின் மதிப்பீட்டுக் கடிதத்தைக் கேட்கும். பிடிபட்டால் அது மோசடி. தப்பிவிட்டாலும், இல்லாத சம்பளத்துக்கு எடுத்த கடனை இருக்கிற சம்பளத்தில்தானே கட்ட வேண்டும்? ராத்திரி ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் என்று இரண்டு வருடம் ஓடி, கடைசியில் வீட்டையும் விற்ற குடும்பத்தை எனக்குத் தெரியும்.

மார்க்கம்_மோர்ட்கேஜ் | 22 மே 2025

அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று. ஒன்டாரியோவில் மோர்ட்கேஜ் ஏஜென்ட், புரோக்கர் என்று வேலை பார்ப்பவருக்கு எஃப்எஸ்ஆர்ஏ (மாகாண நிதிச் சேவைக் கட்டுப்பாட்டு ஆணையம்) உரிமம் இருக்க வேண்டும். அவர்கள் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். பெயர் இல்லை என்றால் பேச்சே வேண்டாம்.

வாட்டர்லூ_செல்வி | 24 மே 2025

கடன் கிடைத்த மகிழ்ச்சியில் நாங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று. ஊரில் இருபது வருடக் கடன் என்றால் ஒரே ஒப்பந்தம். ஃப்ளோட்டிங் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து ஐந்து வருட ஃபிக்ஸட் (வட்டி மாறாத) கடன் எடுத்தோம். இரண்டாம் வருடம் கணவருக்கு வேலை மாறி வீட்டை விற்க வேண்டி வந்தது. அபராதம் 11,000 டாலர் என்றார்கள். ஃபிக்ஸடில் மூன்று மாத வட்டி அல்லது உங்கள் வட்டிக்கும் இன்றைய வட்டிக்கும் உள்ள வித்தியாசக் கணக்கு, எது அதிகமோ அது. வேரியபிளில் பெரும்பாலும் மூன்று மாத வட்டிதான். புதிதாக வந்தவர்களுக்கு வேலை மாறுவது சகஜம். எனவே டெர்ம் (ஒரு ஒப்பந்தத்தின் காலம்) எத்தனை வருடம், உடைத்தால் எவ்வளவு, கடனை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாமா, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

கோவை_பிராம்ப்டன் | 23 நவம்பர் 2025

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை சாவி வாங்கினோம்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவட்டும். அறிக்கை எடுத்துப் பார்த்ததில் நர்ஸ் அக்கா சொன்னது போலவே என் கார்டு, என் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறிய ஒரு கோப்பில் இருந்தது. வங்கியில் பெயரைச் சரிசெய்து, இரண்டு நிறுவனங்களுக்கும் ஆவணம் அனுப்பினேன். ஒன்று ஐந்து வாரத்தில் சரியானது. இன்னொன்று முகவரிச் சான்று தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியது, மறுபடி அனுப்பி ஆகஸ்டில்தான் முடிந்தது. அதன்பின் பார்த்தால் எனக்கு 688.

ஜூன் முதல் வாரம் அப்பா, அம்மா இருவரும் தனித்தனியாக அனுப்பினார்கள். அம்மா வாழ்க்கையில் முதல் முறையாக வங்கிக்குத் தனியாகப் போய்ப் படிவம் நிரப்பினாராம். அந்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பினார், அதையும் கோப்பில் வைத்திருக்கிறேன். எஃப்எச்எஸ்ஏவில் இருவரும் 8,000 போட்டு அக்டோபரில் வீட்டுக்காக எடுத்தோம்.

இரண்டு இடத்தில் கேட்டோம். முதல் வங்கியில் மறுபடியும் இரண்டு வருடக் கதை. உரிமம் சரிபார்த்த ஒரு ஏஜென்ட் மூலம் போன இடத்தில் 10 சதவீத முன்பணம், ஆறு மாத ஸ்டேட்மென்ட், வேலைக் கடிதம், 90 நாள் பணத் தடம் கேட்டார்கள். ஜூனில் வந்த பணத்துக்கு அப்போது 90 நாள் தாண்டியிருந்தது. அப்படியும் கிஃப்ட் லெட்டர் கேட்டார்கள், கொடுத்தோம். ஒன்பது வேலை நாளில் ஒப்புதல் வந்தது. நாங்கள் எழுதிய ஆஃபரில் கடன் கிடைத்தால்தான் வாங்குவோம் என்ற நிபந்தனைக்குப் பத்து வேலை நாள் போட்டிருந்தோம். அந்த ஒன்பதாவது நாள் வரை தூக்கமில்லை. ஐந்து நாள் போதும் என்று சொன்னவர் பேச்சைக் கேட்டிருந்தால் டெபாசிட் போயிருக்கும்.

கார் வாங்கவில்லை. பத்தொன்பது வயதுப் பழைய கொரோலாதான், மகள் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டாள்.

புது வீட்டுத் தபால் பெட்டிச் சாவியோடு முதல் கடிதம் என் பெயருக்கு வந்தது. பெயர் சரியாக இருந்தது.

நவம்பர்_லேண்டிங் | 24 நவம்பர் 2025

வாழ்த்துகள் அண்ணா. நாங்கள் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. எங்கள் வீட்டுக்காரரும் வாடகையை ரொக்கமாகத்தான் கேட்கிறார். இப்போது என்ன செய்வது?

கோவை_பிராம்ப்டன் | 24 நவம்பர் 2025

டிசம்பர் வாடகையிலிருந்தே இ-டிரான்ஸ்ஃபர் என்று இன்று பேசிவிடுங்கள். மறுத்தால் வங்கியிலிருந்து காசோலை எழுதிக் கொடுங்கள், அதற்கும் தடம் இருக்கும். கொடுத்த மாத வாடகைக்குத் தேதி போட்டு, முகவரியோடு ஒரு ரசீது கையெழுத்து வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கட்டும். டிசம்பர் 31-க்குள் எஃப்எச்எஸ்ஏ திறக்க முடியுமா என்றும் கேளுங்கள், பணம் போடாவிட்டாலும் கணக்கு மட்டும் திறந்தால்கூட இந்த வருடத்து இடம் அடுத்த வருடத்துக்கு வரும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியா என்று பார்த்துச் சொல்லுங்கள், மீதியை எழுதுகிறேன்.